பாய்க்காக அழுகிறவர்களிடம் சில கேள்விகள்

2024 ஒக்ரோபரில் சில பின்னேரங்களை நாங்கள் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் கழித்தோம். பார்சலோனாவில் அமெரிக்கா கிண்ணப் பாய்ப்படகுப் பந்தயத்தின் இறுதிச் சுற்று. நியூசிலாந்துப் படகும் பிரித்தானியப் படகும் மோதின. படகு என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. திரையில் தெரிந்தது வேறு. இருபது மீற்றர் நீளமும் ஆறு தொன் நிறையும் கொண்ட ஓர் உடல் தண்ணீரைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்தவை ஒரு பக்கத்துச் சிறகும் பின்னால் ஒரு சுக்கானும் மட்டும்தான். முதல் நாள் வந்து குந்திய ஒருவர் "உது படகோ, பிளேனோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நியூசிலாந்து 7–2 என்று வென்றது. பந்தயம் முடிந்த பிறகு நாங்கள் அதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசித்த இடமெல்லாம் ஒரே ஒப்பாரி. இது பாய்ப்படகுப் பந்தயமே இல்லையாம். ஃபொயில் என்கிற அந்த நீர்ச்சிறகு வந்து மரபைக் கெடுத்துவிட்டதாம். பணமும் பொறியியலும் சேர்ந்து மாலுமியைக் கொன்றுவிட்டதாம். வெள்ளைப் பாய், பளபளக்கும் மரத்தட்டு, கயிறு இழுக்கும் கைகள் கொண்ட அந்தத் தூய காலத்துக்குத் திரும்ப வேண்டுமாம்.

எங்களில் எவருக்கும் எந்த யொட் கிளப்பிலும் அங்கத்துவம் இல்லை. இருந்தும் இந்த ஒப்பாரிக்குப் பதில் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்தத் தூய காலத்தின் கணக்குப் புத்தகத்தில் எங்கட மலையகத்தின் பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டு மரபு பேச விட முடியாது.

எந்த மரபு?

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1851 ஓகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஒரு பந்தயம் நடந்தது. ராயல் யொட் ஸ்குவாட்ரன் கழகம் நடத்திய அந்தப் பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற நியூயோர்க் படகு வென்றது. கிண்ணத்துக்குப் பெயர் வந்தது அந்தப் படகால்தான், நாட்டால் அல்ல. ஆங்கிலேயப் படகுகள் சணல் வகைத் துணியில் தைத்த தொளதொளத்த பாய்களோடு வந்தன. அமெரிக்கா இறுக்கமாக வெட்டிய பருத்திப் பாயோடும் கூரான அணியத்தோடும் வந்தது. அதன் வேகத்தைக் கண்டு, அடியில் இயந்திரம் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று ஆட்கள் சந்தேகப்பட்டதாக ஒரு கதை இன்றும் உலாவுகிறது. அதாவது, இந்த மரபின் முதல் நாளிலேயே "உது பாய்ப்படகு இல்லை" என்ற முணுமுணுப்பு வந்துவிட்டது. இன்னொன்று: அந்தப் புனிதப் படகைப் பந்தயம் முடிந்து பத்து நாளைக்குள் அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். மரபு மீது அவர்களுக்கு இருந்த பற்று அவ்வளவுதான்.

1876இல் நதனியல் ஹெரெஷொஃப் என்ற இளம் அமெரிக்க வடிவமைப்பாளர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து நியூயோர்க்கில் பெரிய பெரிய படகுகளை எல்லாம் தோற்கடித்தார். என்ன நடந்தது? அடுத்த முறை அதைவிட வேகமான படகோடு வருவோம் என்று எவரும் சொல்லவில்லை. அந்த வகைப் படகையே வழக்கமான பந்தயங்களிலிருந்து விலக்கினார்கள். அந்த வகைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமோ? கற்றமரான். எங்கட கட்டுமரம். எங்கள் கரையில் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம்; இரட்டை உடல் படகு அல்ல. ஆங்கிலம் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டது. "பார், எங்கட சொல் உலகக் கிண்ணம் வரைக்கும் போயிருக்கு" என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சொல் போயிருக்கிறது. அதைக் கட்டி ஓட்டின ஆட்கள் போகவில்லை.

பிறகு 1983. இன்றைக்கு மரபுக்காரர் பொற்காலம் என்று காட்டுகிற காலம் இதுதான். 132 வருடம் நியூயோர்க் யொட் கிளப்பை விட்டு அசையாமல் இருந்த கிண்ணத்தை 'அவுஸ்திரேலியா II' வென்று கொண்டுபோனது. வென்றதில் பெரும் பங்கு அதன் அடிக்கட்டைக்கு இருந்தது. தண்ணீருக்குக் கீழே நிற்கும் அந்த ஏராவின் நுனியில் பென் லெக்சன் இரண்டு சிறகுகள் வைத்தார். படகைக் கரையேற்றும்போதெல்லாம் அதைத் துணி கட்டி மறைத்தார்கள். நியூயோர்க் கிளப், இது விதிக்கு மாறானது என்று வழக்காடிப் பார்த்தது; எடுபடவில்லை. இன்றைக்கு அந்தப் படகு ஃப்ரீமான்டில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, மரபின் சின்னமாக. சிறகு வைத்த படகு!

1851இல் பருத்திப் பாய் மோசடி. 1876இல் இரட்டை உடல் மோசடி. 1983இல் சிறகு வைத்த ஏரா மோசடி. இப்போது ஃபொயில் மோசடி. மோசடி என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் முப்பது நாற்பது வருடத்தில் மரபாகிவிடுகிறது. நேற்றுத் தோற்றவர்களுடைய கோபத்துக்குத்தான் இங்கே மரபு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஷாம்ரொக்கின் கூலிக்கணக்கு

பணம் வந்துதான் கெடுத்தது என்கிறவர்களிடம் தோமஸ் லிப்டனைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர்களுடைய கதைகளில் லிப்டன் ஒரு நல்ல மனிதர். 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை 'ஷாம்ரொக்' என்ற பெயரில் படகு கட்டிக்கொண்டு கிண்ணத்துக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். 1920இல் 2–0 என்று முன்னால் நின்றும் 3–2 என்று தோற்றார். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தோல்வியை ஏற்றார். கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்கர்கள் காசு சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள். கனவான் விளையாட்டின் கனவான் தோல்வி. அழகான கதைதான்.

அந்தக் கதையில் இல்லாத பகுதியை நாங்கள் சொல்கிறோம். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடைகள் வைத்து ஏற்கனவே பணக்காரரான லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பி அழிந்து தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. அப்புத்தளைப் பக்கத்துத் தம்பத்தனை உட்படத் தோட்டங்களை வாங்கினார். அவருடைய பெயரை உலகப் பெயராக்கியது தேயிலை. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள், கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு லயங்களில் அடைக்கப்பட்ட எங்கட சனம். அமெரிக்காவில் தேயிலை விற்க வேண்டியிருந்த ஒருவருக்கு, அமெரிக்கப் பத்திரிகைகளெல்லாம் எழுதுகிற ஒரு படகுப் பந்தயத்தைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? ஷாம்ரொக் ஓடிய காற்று அத்திலாந்திக் காற்று. பாய்க்கான காசில் ஒரு பங்கு கொழுந்துக் கூடையிலிருந்து போனது.

1903இல் அவரைத் தோற்கடித்த 'ரிலையன்ஸ்' படகைப் பாருங்கள். வடிவமைத்தவர் அதே ஹெரெஷொஃப். ஏறத்தாழ 1,500 சதுர மீற்றர் பாய், அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள். ஒரேயொரு பந்தயப் பருவத்துக்காகக் கட்டி, பத்து வருடத்தில் உடைத்து விற்றார்கள். இன்றைய கோடீஸ்வரர் படகு வீண் செலவு என்றால் இது என்ன? சிக்கனமோ?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடைக்காரன் என்பதால் லிப்டனையே ராயல் யொட் ஸ்குவாட்ரன் நீண்ட காலம் உள்ளே விடவில்லை. அவர் அல்ஸ்டர் கழகத்தின் பெயரில்தான் போட்டியிட்டார். 1931இல், அவர் சாகும் தறுவாயில்தான் அங்கத்துவம் கிடைத்தது. கோடீஸ்வரனுக்கே வாசலில் காத்திருப்பு என்றால், அவருடைய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டில் என்ன இடம் இருந்திருக்கும்? இன்றைக்கு லிப்டன் சீற்றுக்குப் போய் அவருடைய சிலைக்குப் பக்கத்தில் இருந்து செல்ஃபி எடுக்கிறோம். எடுங்கோ. கீழே தெரிகிற லயங்களும் படத்தில் விழட்டும்.

பறந்தால் பாய்க்கு என்ன குறை?

சரி, வரலாற்றை விடுவோம். ஃபொயில் வந்ததால் பாய்மரக்கலை செத்துவிட்டதா?

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. பழைய படகு அந்தத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போக வேண்டும். வேகம் கூடக் கூட, தான் கிளப்புகிற அலைக்குள்ளேயே அது சிறைப்படுகிறது. அதனால்தான் இருபது தொன்னுக்கு மேற்பட்ட அவுஸ்திரேலியா II போன்ற படகுகள் பத்து நொட் வேகத்தை ஒட்டியே ஓடின. ஃபொயில் தண்ணீருக்குள் ஒரு விமானச் சிறகு போல வேலை செய்கிறது. அது உடலை மேலே தூக்கியதும் இழுவை சட்டென்று குறைகிறது. பிறகு நடப்பது மோட்டச்சைக்கிள் ஓடினவர்களுக்குத் தெரியும்: காற்றே இல்லாத நாளிலும் ஓடும்போது முகத்தில் காற்று அடிக்கும். படகு தன் ஓட்டத்தாலேயே தனக்குக் கூடுதல் காற்றை உண்டாக்கி, வீசுகிற காற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் போகிறது. இன்றைய கிண்ணப் படகுகள் 50 நொட்டைத் தாண்டிவிட்டன. மணிக்கு 92 கிலோமீற்றருக்கு மேல். தள்ளுவது அப்போதும் காற்றுத்தான். இயந்திரம் இல்லை.

காற்றைப் படிக்கிற கலை செத்தது என்கிறவர்கள் 2021 மார்ச்சில் ஒக்லாந்தில் நடந்த இறுதிச் சுற்றின் எட்டாவது ஓட்டத்தைப் பார்க்கட்டும். நியூசிலாந்துப் படகு காற்று விழுந்த இடத்தில் மாட்டி, சிறகிலிருந்து இறங்கித் தண்ணீரில் பொத்தென்று குந்தியது. இத்தாலியின் லூனா றொசா ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் முன்னால் போனது. ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரம், லூனா றொசாவும் காற்றில்லாத குழியில் விழுந்தது. நியூசிலாந்து மெல்லிய ஒரு காற்றுக் கீற்றைப் பிடித்து மறுபடி எழும்பி, கடந்துபோய் வென்றது. கொண்டலையும் சோளகத்தையும் மேகம் பார்த்துச் சொன்ன எங்கட பெரியாக்கள் அன்றைக்கு அந்தப் படகில் நின்றிருந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேகம் கூடியதால் காற்றைப் படிப்பது தேவையில்லாமல் போகவில்லை. பிழையாகப் படித்தால் விழுகிற அடிதான் பெரிதாகியிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று. பறக்கும் பந்தயப் படகு கோடீஸ்வரரின் பட்டறையில் பிறந்ததல்ல. 1928இல் அவுஸ்திரேலியாவின் இன்வர்லொக்கில் லென் மொரிஸ் தானே கட்டிய ஒரு சின்னப் படகிலிருந்து 'மொத்' என்ற வகுப்பு வளர்ந்தது. 3.35 மீற்றர் நீளம், ஒரே ஆள். அதன் விதிகள் பரீட்சை செய்ய இடம் விட்டன. அதனால் ஆட்கள் தங்கள் கராஜ்களில் வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் இலெற் சகோதரர்கள் போன்றவர்கள் அந்தப் படகை ஃபொயிலில் தூக்கினார்கள். 2005இல் ரொஹான் வீல் பறந்தே உலகப் பட்டம் வென்றார். கணினி இல்லை. அணியத்திலிருந்து ஒரு மெல்லிய தடி தண்ணீர் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகும். படகு உயர்ந்தால் தடி இறங்கும், தாழ்ந்தால் ஏறும். அந்த அசைவு கம்பிகள் வழியாகச் சிறகின் மடிப்பைத் திருத்தும். அவ்வளவுதான்.

கிண்ணப் படகுகள் பறக்கத் தொடங்கியது இதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, 2012இல். விதியை எழுதியவர்கள் எதிர்பாராத ஓர் ஓட்டையை நியூசிலாந்து அணி கண்டுபிடித்தது. மொத்தில் பறந்து பழகிய பீற்றர் பேர்லிங், நேதன் அவுற்றரிட்ஜ், ரொம் ஸ்லிங்ஸ்பி ஆகியோர் பிறகு கிண்ணப் படகுகளின் சுக்கானைப் பிடித்தார்கள். ஆகவே ஃபொயிலைப் பணக்காரக் கண்டுபிடிப்பு என்று வைகிறவர்கள், கராஜில் நின்று உழைத்தவர்களின் பெயரை அழித்துக் கோடீஸ்வரனின் பெயரை எழுதுகிறார்கள். இதையும் நாங்கள் எங்கேயோ பார்த்திருக்கிறோம்.

எங்களுக்கும் கசக்கிற உண்மைகள்

மரபுக்காரர் சொல்வதில் சில உண்மைகள் இருக்கின்றன. ஒளிக்க மாட்டோம்.

1983 இறுதி ஓட்டத்தில் பின்காற்றுக் கட்டத்தில்தான் அவுஸ்திரேலியா II எதிரியைத் தாண்டியது. வென்றது 41 செக்கனால். இரண்டு படகுகள் மணிக்கணக்காக ஒன்றையொன்று உரசுகிற தூரத்தில், ஒருவர் காற்றை ஒருவர் மறைத்து, வளைந்து வளைந்து சண்டை போடுகிற அந்த அழகு பறக்கும் படகுகளில் குறைவு. தொடக்கத்தில் பிந்தினவர் கடைசிவரை பிந்துகிற ஓட்டங்கள் பல. அவை சலிப்பாகத்தான் இருந்தன.

உயிர் ஆபத்தும் உண்மை. 2013 மே 9 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆர்ட்டெமிஸ் அணியின் 72 அடிக் கற்றமரான் கவிழ்ந்து உடைந்ததில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அன்ட்ரூ சிம்சன் இறந்தார். அதைச் சாதாரணமாகக் கடந்துபோக எங்களால் முடியாது. ஆனால் 1979 ஃபாஸ்ற்நெற் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்தது பழைய வகைப் படகுகளில்தான். கடல் மரபு பார்த்துக் கொல்வதில்லை.

பிறகு பற்றரி விவகாரம். படகைக் கையால்தான் இயக்க வேண்டும் என்பது பாய்ப்படகுப் பந்தய விதிகளில் பழையது. 2017இல் நியூசிலாந்து அணி கைக்குப் பதில் காலைப் பயன்படுத்தி, சைக்கிள் மிதிப்பவர்களைப் படகில் ஏற்றியது. 2024இலும் எட்டுப் பேரில் நாலு பேர் மிதித்தார்கள். 2027 நாப்போலிக் கிண்ணத்துக்கு அவர்களையும் இறக்கிவிட்டுப் பற்றரி வைக்கப்போகிறார்கள். ஆட்கள் ஐந்து பேர்தான். இதை நாங்கள் கடுமையாகத் திட்டி ஒரு பந்தி எழுதி வைத்திருந்தோம். எங்கட தோழி ஒருத்தி அதை வாசித்துவிட்டு, "அந்த எட்டுப் பேரில எத்தினை பேர் பொம்பிளையள்?" என்று கேட்டா. ஒருவரும் இல்லை. 173 வருடத்துக்குப் பிறகு 2024இல்தான் பெண்களுக்கென்று ஒரு கிண்ணம், அதுவும் சின்னப் படகில், நடத்தினார்கள். 2027 விதியில் ஐவரில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். "தசைதான் விளையாட்டு எண்டு சொல்லிச் சொல்லித்தானே எங்களைக் கரையில நிப்பாட்டினீங்கள்" என்றா அவ. அந்தப் பந்தியை எடுத்துவிட்டோம். பற்றரி எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் தசைக்காக அழ எங்களால் இனி முடியாது.

சண்டை வாசலில்தான்

எங்களுக்குக் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. 1987இல் ஃப்ரீமான்டிலில் கிண்ணத்துக்குச் சவால் விட 13 அணிகள் வந்தன. 2013இல் வந்தவை மூன்று, 2021இலும் மூன்று. நூறு மில்லியன் டொலர் அளவில் செலவு பேசப்படுகிற இடத்துக்கு யார் வருவார்கள்? வென்றவர் அடுத்த போட்டியின் விதியை எழுதலாம், இடத்தை விற்கலாம். நியூசிலாந்து தன் கிண்ணத்தைத் தன் கரையில் காக்காமல் பார்சலோனாவுக்குக் கொண்டுபோனது, அடுத்தது நாப்போலி. பார்சலோனாவில் வீட்டு வாடகையும் சுற்றுலாவும் தங்களைத் துரத்துகின்றன என்று சனம் தெருவில் இறங்கி இந்தக் கிண்ணத்துக்கு எதிராக ஊர்வலம் போனது. அவர்கள் ஃபொயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதைப் பேசினார்கள்.

மரபுக்காரரின் ஒப்பாரி இந்தக் கேள்வியை மறைக்கிறது. படகின் வடிவத்தை மாற்றினால் நீதி வந்துவிடும் என்பது போல நடிக்கிறது. வராது. நாளைக்கே மரப்படகுக்குத் திரும்பினாலும் அதே கோடீஸ்வரர்கள் அதைவிட விலை கூடிய மரத்தில் கட்டிக்கொண்டு வருவார்கள். ரிலையன்ஸ் அதற்குச் சாட்சி.

வாசலைத் திறக்கிற வழி பாய்ப்படகு உலகத்துக்குத் தெரியாததல்ல. 1947இல் புளோரிடாவின் கிளியர்வோற்றரில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளில் செய்யக்கூடிய 'ஒப்ரிமிஸ்ற்' என்ற குட்டிப் படகை வரைந்தார். இன்றைய வீரர்களில் பெரும் பகுதியினர் அதில்தான் தொடங்கியவர்கள். ஒலிம்பிக்கிலும் ஃபொயில் வந்துவிட்டது. 2024 பாரிஸ் போட்டியில் சிறகுப் பலகைகளில் பறந்தார்கள். ஒரே மாதிரிப் படகு, ஒரே மாதிரிச் சிறகு என்றால், வெல்வது காசு அல்ல, ஆள் என்ற நிலைக்குக் கொஞ்சமாவது கிட்டப் போகலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளிமையானவை. ஒவ்வொரு கிண்ணமும் முடிந்த பிறகு ஃபொயில் வரைபடங்களையும் தரவுகளையும் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். மொத் படகின் கராஜிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது அது. செலவுக்கு மெய்யான உச்சவரம்பு வையுங்கள். கிளப் இல்லாத கரைகளில் இளையோர் படகுகளுக்குப் பணம் போடுங்கள். லிப்டன் பெயரில் இன்றும் தேயிலை விற்பவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

இதை எழுதுகிற எங்களுக்குக் கடல் தூரத்து விசயம் அல்ல. கடலில் இறங்கவே அனுமதி கேட்க வேண்டியிருந்த, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் என்று இன்னொருவன் தீர்மானித்த காலத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகையால் கடலைப் பற்றி எவர் பேசினாலும் முதலில் எங்களுக்கு வருகிற கேள்வி படகு என்ன வடிவம் என்பதல்ல. யாரை இறங்க விடுகிறார்கள் என்பதுதான். பாய்க்காக அழுகிறவர்கள் அந்தக் கேள்வியோடு வந்தால், பக்கத்தில் குந்தி அடுத்த பந்தயத்தையும் பார்க்கலாம். இடம் இருக்கிறது.